கடைசி பெஞ்சிலிருந்து தொடங்குங்கள்: வகுப்பறைத் திரையைத் தேர்ந்தெடுத்துப் பொருத்தும் முறை

முன்னாள் மாணவர்கள் சிலர் கூடி, தாங்கள் படித்த பள்ளிக்கு ஏதேனும் வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று பேசத் தொடங்கினால், பேச்சு பெரும்பாலும் ஸ்மார்ட் போர்டில் வந்து நிற்கிறது. எந்தக் கம்பெனி, எத்தனை அங்குலம், என்ன விலை என்ற கேள்விகளுக்கு அன்று மாலைக்குள் அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவிலோ இணையத்திலோ விடை கிடைத்துவிடுகிறது. ஒரு மாதத்தில் பலகை சுவரில் ஏறிவிடுகிறது. கடைசி பெஞ்சில் அமர்ந்திருக்கும் பிள்ளைக்கு அதில் உள்ள எழுத்து தெரிகிறதா என்ற கேள்வி மட்டும் கேட்கப்படாமலேயே போய்விடுகிறது.

நான் இயற்பியல் கற்பித்த வட சென்னைப் பள்ளி ஒன்றில், பல ஆண்டுகளுக்கு முன்பு, நாங்களும் இந்தத் தவற்றைச் செய்தோம். விற்பனைப் பிரதிநிதி ஒரு காலை நேரத்தில் வந்து காட்டியபோது படம் பளிச்சென்று தெரிந்ததால், அந்த புரொஜெக்டரையே வாங்கி ஒன்பதாம் வகுப்பு அறையில் மாட்டினோம். அந்த அறையின் ஜன்னல்கள் மேற்கு நோக்கியவை. பிற்பகல் இரண்டு மணிக்குமேல் திரையில் இருந்த படம் சாயம் போன துணியைப் போல வெளுத்துவிடும். ஜன்னல்களை மூடினால் நாற்பத்தைந்து பிள்ளைகள் வியர்வையில் நனைவார்கள். போதாக்குறைக்கு, ஒளி செல்லும் பாதையில் மின்விசிறியின் இறக்கை குறுக்கிட்டதால், படம் முழுவதும் நிழல் துடித்துக்கொண்டே இருந்தது. கருவியில் ஒரு குறையும் இல்லை. அறையை அளக்காமல் கருவியை வாங்கியதுதான் குறை. அதன் பிறகு, திரை வாங்கப் போகிறோம் என்று கேட்டு வரும் பள்ளிகளுக்கு நான் சொல்லிவரும் முறையையே இங்கே எழுதுகிறேன். தலைமையாசிரியர்களுக்கும் பள்ளி மேலாண்மைக் குழுவினருக்கும் நன்கொடை தர முன்வருவோருக்கும் இது பயன்பட வேண்டும் என்பது என் விருப்பம். முதலில் கடைசி பெஞ்சின் தூரம், அடுத்து அறையின் வெளிச்சம், அவற்றிற்குப் பிறகே கருவி என்ற வரிசையை மட்டும் மாற்றிவிடாதீர்கள்.

ஒரு டேப்பும் ஒரு தாளும்

அளவு டேப் ஒன்றை எடுத்துக்கொண்டு, திரை வரவிருக்கும் சுவரிலிருந்து கடைசி பெஞ்சில் அமரும் பிள்ளையின் கண் வரை உள்ள தூரத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். 20 அடிக்கு 20 அடி அறையில் இது 6 மீட்டருக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். இனி வரும் கணக்குகளுக்கு 6 மீட்டர் என்றே வைத்துக்கொள்கிறேன்.

கண் மருத்துவர் அறையில் மாட்டியிருக்கும் அட்டையில், 6 மீட்டர் தூரத்திலிருந்து இயல்பான பார்வை உள்ளவர் படிக்க வேண்டிய வரியின் எழுத்து ஏறத்தாழ 9 மில்லிமீட்டர் உயரம் கொண்டது. அது பார்வையின் எல்லை. எல்லையில் நிறுத்தி ஒரு பிள்ளையை நாற்பது நிமிடம் படிக்கவைப்பது இயலாது. சிரமமின்றித் தொடர்ந்து படிக்க அதைப் போல நான்கு மடங்கு வேண்டும். ஆகவே 6 மீட்டருக்கு ஏறக்குறைய 36 மில்லிமீட்டர். மனக்கணக்காக நினைவில் வைத்துக்கொள்வதானால், மீட்டரில் உள்ள தூரத்தை ஆறால் பெருக்கினால் எழுத்தின் உயரம் மில்லிமீட்டரில் கிடைத்துவிடும்.

இந்த உயரத்தை எந்த எழுத்தில் அளப்பது என்பதில்தான் கவனம் வேண்டும். ஆங்கிலத்திற்கு எழுதப்பட்ட அளவு விதிகள் பெரிய எழுத்தின் முழு உயரத்தைக் கொண்டு சொல்லப்பட்டவை. தமிழில் அப்படிச் சொன்னால் ‘கீ’ என்பதன் மேல்விலங்கும் சுழியும் சேர்ந்து அந்த உயரத்தை விழுங்கிவிடும், ‘க’ சிறுத்துப்போகும். எனவே மேலும் கீழும் எதுவும் நீளாத ‘ப’ என்ற எழுத்தை வைத்து அளவெடுங்கள். தூரத்திலிருந்து பார்க்கும்போது தமிழில் முதலில் மறைவது புள்ளி. அது மறைந்தால் ‘பல்’ என்பது ‘பல’ ஆகிவிடுகிறது. அதற்கடுத்து மறைவது சுழி. மூன்று சுழி ‘ண’வும் இரண்டு சுழி ‘ன’வும் ஒன்றாகத் தெரியத் தொடங்கும். எழுத்துக்கூட்டிப் படிக்கும் வயதில் உள்ள பிள்ளைக்கு இந்த வேறுபாடுகளே பாடம் என்பதால், தொடக்க வகுப்புகளுக்கு மேற்சொன்ன அளவை ஒன்றரை மடங்காக்குவது நல்லது.

இப்போது ஒரு வெள்ளைத் தாளில், ‘ப’வின் உயரம் 36 மில்லிமீட்டர் வருமாறு, பல், பல, மன்னன், கண்ணன், கிளி, கீரி என்ற சொற்களை அச்சிட்டோ எழுதியோ சுவரில் ஒட்டி, கடைசி பெஞ்சின் நடுவிலும் இரு ஓரங்களிலும் அமரும் பிள்ளைகளைப் படிக்கச் சொல்லுங்கள். நன்றாகப் படிக்கும் பிள்ளையை மட்டும் எழுப்பிக் கேட்காதீர்கள். அக்கம்பக்கத்தில் இருப்பவர்கள் படிக்கும் சொல்லை ஒரு பிள்ளையால் படிக்க முடியவில்லை என்றால், அந்தக் குறை திரையில் இல்லை. பெற்றோரிடம் சொல்லிக் கண் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் ‘கண்ணொளி காப்போம்’ திட்டத்தில் இலவசமாகவே கண்ணாடி கிடைக்கும். திரை வாங்கப் போய், கண்ணாடி தேவைப்படும் பிள்ளைகளை அடையாளம் கண்ட பள்ளிகள் உண்டு. எனக்கு அது திரையைவிடப் பெரிய பயனாகவே பட்டிருக்கிறது.

எழுத்தின் அளவு தெரிந்துவிட்டால் திரையின் அளவும் தானே வந்துவிடும். மேலே விலங்குக்கும் புள்ளிக்கும், கீழே உகரக் குறிக்கும் இடம் விட வேண்டியிருப்பதால், தமிழில் ஒரு வரிக்கு ‘ப’வின் உயரத்தைப் போல இரண்டு மடங்குக்குச் சற்று மேல், அதாவது ஏறக்குறைய 8 சென்டிமீட்டர், தேவைப்படுகிறது. மூலைக்கு மூலை 65 அங்குலம் உள்ள பேனலின், அதாவது தொட்டு எழுதும் தட்டைத் திரையின், உயரம் 81 சென்டிமீட்டர். அதில் பத்து வரிகள் கொள்ளும். 75 அங்குலத்தின் உயரம் 93 சென்டிமீட்டர், பதினோரு வரிகள். 86 அங்குலத்தின் உயரம் 107 சென்டிமீட்டர், பதின்மூன்று வரிகள். பாடநூலின் ஒரு பக்கத்தை முழுதாகத் திரையில் போட்டுவிட்டு “எல்லோரும் பாருங்கள்” என்று சொல்வது ஏன் பயனற்றது என்பது இந்த எண்களைப் பார்த்தாலே விளங்கும். அந்தப் பக்கத்தில் முப்பது வரிகளுக்கு மேல் இருக்கின்றன. ஒரு பத்தியை மட்டும் பெரிதாக்கிக் காட்டுங்கள். விலையுயர்ந்த பேனலால் முடியாததை விரல் நுனியால் செய்யும் இந்தப் பழக்கம் செய்துவிடும்.

பழைய கருவிகள் எதைத் தீர்த்தன, எதை விட்டன

கருவியைத் தேர்ந்தெடுக்கும் முன்பு அதன் முன்னோர்களைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்வது வீண்வேலையன்று. புதிதாக வரும் ஒவ்வொரு கருவியும் முந்தையதன் ஒரு குறையை நீக்கும்போது, அதன் ஒரு நன்மையையும் சேர்த்தே நீக்கிவிடுகிறது. எதை இழக்கிறோம் என்று அறிந்தவர் அதை வேறு வழியில் ஈடுசெய்துகொள்ளலாம்.

எழும்பூரில் இருந்த ஆதரவற்ற ஆண் பிள்ளைகளுக்கான பள்ளியை 1789 முதல் நடத்திய ஆண்ட்ரூ பெல், நம் நாட்டுப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைக் கண்டு, அதையே தம் பள்ளிக்கும் எடுத்துக்கொண்டார். 1797இல் அதைப் பற்றி லண்டனில் அறிக்கையும் வெளியிட்டார். பிள்ளைகளே பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் வழியோடு சேர்ந்து, ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் அது உலகின் பல பகுதிகளுக்குப் பரவியது. திண்ணைப் பள்ளியின் மணலிலும் பெல்லின் மணல் தட்டிலும் எழுத்து என்பது ஒவ்வொரு பிள்ளையின் முன்னால் இருந்தது. அனைவரும் ஒரே எழுத்தை ஒரே நேரத்தில் பார்ப்பது என்பது 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடின்பரோவில் ஜேம்ஸ் பில்லன்ஸ் போன்ற ஆசிரியர்கள் பெரிய பலகையைச் சுவரில் மாட்டிச் சாக்கட்டியால் எழுதத் தொடங்கிய பிறகே வழக்கமாயிற்று. கரும்பலகைக்கு மின்சாரம் வேண்டாம், இருட்டு வேண்டாம்; ஆசிரியரின் கை நகரும் வேகத்திலேயே பாடமும் நகரும், அந்த வேகம் பிள்ளையின் நோட்டுப் புத்தகத்திற்கும் பொருந்தும். எழுதும் நேரம் முழுவதும் ஆசிரியரின் முதுகு வகுப்பை நோக்கியிருக்கும் என்பது அதன் குறை.

ஒளியால் படம் காட்டும் வழி கரும்பலகையைவிடப் பழையது. ‘மாய விளக்கு’ எனப்பட்ட கருவியை டச்சு அறிஞர் கிறிஸ்தியான் ஹைகன்ஸ் 1659 அளவிலேயே உருவாக்கியிருந்தார். அதன் வழிவந்த சிலைடு புரொஜெக்டர், புத்தகப் பக்கத்தை அப்படியே சுவரில் காட்டும் எபிடயாஸ்கோப், 16 மில்லிமீட்டர் படக் கருவி ஆகிய அனைத்தும் அறையை இருட்டாக்கச் சொன்னவை. சென்னையில் அறையை இருட்டாக்குவது என்றால் காற்றையும் அடைப்பது என்று பொருள். இந்தக் கருவிகள் கல்லூரி அரங்குகளோடு நின்று, பள்ளி வகுப்பறைக்குள் அதிகம் நுழையாமல் போனதற்கு விலையோடு நம் வெயிலும் ஒரு காரணம் என்றே கருதுகிறேன்.

அந்தத் தடையை உடைத்தது, மேடைமீது வைத்த ஒளிபுகும் தாளில் எழுதுவதைச் சுவரில் காட்டும், ஓஎச்பி என்று நாம் அழைத்த மேல்நிலை புரொஜெக்டர். 1960களில் அமெரிக்கப் பள்ளிகளில் பரவிய இக்கருவி, என் தலைமுறை ஆசிரியர்களுக்குப் பயிற்சி வகுப்புகளில் அறிமுகமாயிற்று. கலங்கரை விளக்கத்திற்காகப் பிரெஞ்சு இயற்பியலாளர் ஃபிரெனெல் 1820களில் வடிவமைத்த, வட்ட வட்டமாகப் பள்ளமிட்ட தட்டையான வில்லையே அதன் மேடை. மெரினா கலங்கரை விளக்கத்தைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளிடம் இதைச் சொன்னால், ஒளியைச் சிதறவிடாமல் வேண்டிய திசையில் திருப்பும் வேலை இரண்டிலும் ஒன்றே என்பதை உடனே பிடித்துக்கொள்வார்கள். ஒளிபுகும் தாள் முழுவதிலும் பரவிய வெளிச்சம் அந்த வில்லையால் ஒன்றுதிரட்டப்பட்டு மேலே உள்ள கண்ணாடி வழியாகத் திரைக்குச் சென்றதால், ஜன்னல் திறந்திருந்தாலும் எழுத்து தெரிந்தது. ஆசிரியர் வகுப்பைப் பார்த்தபடியே எழுத முடிந்தது. இதயத்தின் வெளிக்கோட்டை ஒரு தாளிலும், அதன் அறைகளை இரண்டாவது தாளிலும், இரத்தம் செல்லும் வழியை மூன்றாவது தாளிலும் வரைந்து, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக்கொண்டே போகும்போது, படம் பிள்ளைகளின் கண் முன்னால் வளரும். இன்றைய எந்தக் கருவியிலும் இதைச் செய்யலாம். ஆனால், செய்து முடித்த முழுப் படத்தை ஒரே சொடுக்கில் போட்டுவிடுவது அதைவிட எளிது என்பதால் எவரும் செய்வதில்லை. ஓஎச்பியை நான் விரும்பி நினைத்துக்கொள்வது இதற்காகத்தான்.

1980களின் பிற்பகுதியில், அதே ஓஎச்பியின் மேடைமீது வைக்கும் எல்சிடி தட்டுகள் வந்து கணினித் திரையைச் சுவருக்குக் கொண்டுவந்தன. விரைவில் விளக்கும் தட்டும் ஒரே பெட்டிக்குள் அடங்கின. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தில் லாரி ஹார்ன்பெக் 1987இல் கண்டறிந்த, லட்சக்கணக்கான நுண்கண்ணாடிகள் சாய்ந்து ஒளியைத் திருப்பும் சில்லு, 1996இல் டிஎல்பி புரொஜெக்டராகக் கடைக்கு வந்தது. இன்று கடையில் ‘எல்சிடியா, டிஎல்பியா’ என்று கேட்பது இந்த இரண்டு வழிகளைப் பற்றித்தான். ஒற்றைச் சில்லு டிஎல்பியில் நிறச் சக்கரம் சுழல்வதால், வெள்ளைக்குச் சொல்லப்படும் ஒளியளவு வண்ணத்திற்குக் கிடைக்காமல் போவதுண்டு. மூன்று எல்சிடி தட்டுகள் உள்ள வகையில் அந்த வேறுபாடு இல்லை. வண்ண வரைபடங்களை அதிகம் காட்டும் புவியியல் ஆசிரியருக்கு இது முக்கியம். கணக்கு ஆசிரியருக்கு அவ்வளவு முக்கியமன்று.

தொட்டால் இயங்கும் வெண்பலகை 1991இல் ஸ்மார்ட் போர்டு என்ற பெயரில் வந்தது. ஒரு நிறுவனத்தின் வணிகப் பெயர் இன்று எல்லாப் பலகைகளுக்கும் பொதுப்பெயராகிவிட்டது. அதன் முதல் தலைமுறைக்கு புரொஜெக்டர் தனியாக வேண்டும். யாரேனும் புரொஜெக்டரை இடித்துவிட்டால் விரல் ஓரிடத்திலும் கோடு வேறிடத்திலுமாக விழும். எழுதும் ஆசிரியரின் நிழலும் எழுத்தின்மேலேயே படியும். இப்போது விற்கும் பேனல்கள் உண்மையில் மிகப் பெரிய தொலைக்காட்சிகள். விளிம்பிலிருந்து பாயும் அகச்சிவப்புக் கதிர்களை விரல் மறைப்பதைக் கொண்டு தொடுமிடத்தை அவை அறிகின்றன. நிழலும் இல்லை, இருட்டும் வேண்டாம். ஆனால் கரும்பலகையின் குறையாகிய முதுகுப் பிரச்சினை திரும்பவும் வந்துவிட்டது. படத்தின் அளவும் சுருங்கிவிட்டது.

வெளிச்சத்தைக் கணக்கிடுதல்

புரொஜெக்டரால் ஒளியைச் சேர்க்க முடியும். கறுப்பை உண்டாக்க முடியாது. திரையில் நாம் கறுப்பு என்று காண்பது, ஒளி விழாமல் விட்ட வெள்ளைத் துணியே. ஜன்னல் வெளிச்சம் அந்தத் துணியில் விழும்போது கறுப்பு சாம்பலாகிறது, எழுத்து பின்னணியோடு கரைகிறது. இந்த ஒரு செய்தியை உள்வாங்கிக்கொண்டால் மற்றவை எளிது.

திரை வரும் இடத்தில் கைப்பேசியை வைத்து, லக்ஸ் (ஒரு பரப்பில் விழும் வெளிச்சத்தின் அலகு) அளக்கும் செயலி ஒன்றால், காலை ஒன்பது, நண்பகல், பிற்பகல் மூன்று ஆகிய மூன்று நேரங்களிலும் வெளிச்சத்தைக் குறியுங்கள். கைப்பேசி துல்லியமான கருவியன்று. ஆயினும் 100க்கும் 400க்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டிவிடும். பிறகு, புரொஜெக்டரின் லூமென் அளவை, அதாவது அது தரும் மொத்த ஒளியின் அளவை, படத்தின் பரப்பால் வகுத்தால் படத்தின் வெளிச்சம் லக்ஸில் கிடைக்கும். 2 மீட்டர் அகலமும் 1.12 மீட்டர் உயரமும் கொண்ட படத்தின் பரப்பு ஏறத்தாழ 2.25 சதுர மீட்டர். 3000 லூமென் அதில் பரவினால் 1,300 லக்ஸ் அளவுக்கு வரும். சுவரில் ஏற்கெனவே 200 லக்ஸ் இருந்தால், வெள்ளை கறுப்பைப் போல ஏழரை மடங்குதான் பளிச்சிடும்; காணொளியைப் பார்க்க அது போதும், எழுத்தைத் தொடர்ந்து படிக்கப் போதாது. சுவர் வெளிச்சத்தை 100 லக்ஸுக்குக் குறைத்தால் அது பதினான்கு மடங்காகிவிடும். படிப்பதற்குப் பதினைந்து மடங்கு வேண்டும் என்பது ஒலி-ஒளித் துறையினர் வைத்திருக்கும் அளவு. விளக்கு பழையதாகும்போது அதன் ஒளி பாதியாகக் குறையும் என்பதையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். விளக்கின் ஆயுள் 3,000 மணி நேரம் என்று எழுதியிருந்தால், அந்த 3,000ஆவது மணியில் ஒளி பாதியாக இருக்கும் என்றே பெரும்பாலும் பொருள்.

லூமென் எண்ணைக் கேட்கும்போது அது தர விதிப்படி அளந்த ‘ஆன்சி லூமென்’ அல்லது ஐஎஸ்ஓ அளவா என்று கேளுங்கள். வெறும் ‘லூமென்’ என்று பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் மலிவு விலைக் கருவிகளின் எண்களை நம்பி வாங்கியவர்கள் எவரும் மகிழ்ச்சியாக இருந்து நான் பார்த்ததில்லை.

சுவர் வெளிச்சத்தைக் குறைக்க அறை முழுவதையும் இருட்டாக்கத் தேவையில்லை. திரையை ஒட்டிய முதல் ஜன்னலுக்கு மட்டும் கெட்டியான திரைச்சீலை போட்டு, திரைக்கு மேலே உள்ள டியூப்லைட்டுக்குத் தனி சுவிட்ச் வைத்தால் பாதி வேலை முடிந்துவிடும். பின்பக்க ஜன்னல்கள் திறந்தே இருக்கலாம். எந்தச் சுவரில் திரை வரலாம் என்று முடிவு செய்யும்போது சூரியனையும் நினைவில் கொள்ளுங்கள். கிழக்கு ஜன்னல் காலையையும் மேற்கு ஜன்னல் பிற்பகலையும் கெடுக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். சென்னை 13 பாகை வட அட்சரேகையில் இருப்பதால், ஏப்ரல் இறுதியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உச்சிவேளைச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். ஜனவரியில் அளந்தபோது பிரச்சினை தராத வடக்கு ஜன்னல், பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில் வேறு விதமாக நடந்துகொள்ளும்.

பேனலில் கணக்கு மாறுகிறது. அதன் கறுப்புக் கண்ணாடி வெளிச்சத்தை உறிஞ்சிவிடுவதால், 400 நிட் (திரையின் பிரகாசத்தை அளக்கும் அலகு) பேனல்கூட ஜன்னல் திறந்த அறையில் தெளிவாக இருக்கும். அதற்குப் பதிலாக அது கண்ணாடியாக நடந்துகொள்கிறது. ஜன்னலின் பிம்பம் அதில் விழும். வாங்குவதற்கு முன், பேனல் வரும் இடத்தில் கண்ணாடி பொருத்திய ஒரு படச்சட்டத்தை யாரையாவது பிடிக்கச் சொல்லி, ஒவ்வொரு பெஞ்சிலும் அமர்ந்து பாருங்கள். எந்த இடத்திலிருந்து ஜன்னல் தெரிகிறதோ அந்த இடத்தில் எழுத்து தெரியாது.

என் முடிவைச் சொல்வதானால், கடைசி பெஞ்ச் 6 மீட்டருக்குள் இருந்து ஜன்னல்களை மூட முடியாத அறைக்கு 75 அல்லது 86 அங்குலப் பேனலும், அதைவிட நீளமான அறைக்கும் கூட்ட அரங்குக்கும் லேசர் புரொஜெக்டரும் பொருத்தம். 65 அங்குலம் முப்பது பிள்ளைகளுக்கு உட்பட்ட சிறிய அறைக்கு மட்டுமே. ஒரு வகுப்பறைக்கு நாளுக்கு 5 மணி நேரம் வீதம் 200 நாள் என்றால் ஆண்டுக்கு 1,000 மணி நேரம் ஆகிறது. விளக்கு புரொஜெக்டருக்கு மூன்று ஆண்டுக்கு ஒரு விளக்கு வாங்க வேண்டிவரும். லேசர் வகைக்கு 20,000 மணி நேரம் வரை சொல்கிறார்கள். விளக்கின் விலையையும் சேர்த்து ஐந்து ஆண்டுக் கணக்குப் போட்டுவிட்டுத்தான் மலிவு எது என்று சொல்ல வேண்டும்.

மாட்டுதல்

முதலில் மின்விசிறியைப் பாருங்கள். வழக்கமான புரொஜெக்டர் 2 மீட்டர் அகலப் படத்திற்கு ஏறத்தாழ 3 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். அந்த ஒளி, முன்வரிசை விசிறியைத் தாண்டித்தான் சுவருக்குச் சென்றாக வேண்டும். விசிறி இறக்கைக்குக் கீழே போகுமாறு கம்பியை நீட்டி மாட்ட வேண்டும்; அல்லது, 1 மீட்டர் தூரத்திலேயே அதே அளவுப் படம் தரும் குறுந்தூர வகையை வாங்க வேண்டும். குறுந்தூர வகை விசிறிக்கு முன்னாலேயே நின்றுவிடும் என்பதோடு, ஆசிரியரின் கண்ணிலும் ஒளி அதிகம் படாது. சுவரை ஒட்டியே மாட்டும் மிகக் குறுந்தூர வகைக்குச் சுவர் மிகச் சமமாக இருக்க வேண்டும். பூச்சில் உள்ள சிறிய மேடுகூட நேர்க்கோட்டை நெளித்துக் காட்டும். மார்க்கரால் எழுதும் பளபளப்பான வெண்பலகையைத் திரையாகப் பயன்படுத்தாதீர்கள். புரொஜெக்டரின் விளக்கே அதில் ஒரு வெள்ளைப் பொட்டாகத் தெரிந்து கண்ணை உறுத்தும். மங்கலான வெள்ளைப் பூச்சு அடித்த சுவர் அதைவிட நன்று.

75 அங்குலப் பேனல் 50 கிலோ அளவுக்கு எடை கொண்டது. ஜார்ஜ் டவுன், திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் பகுதிகளில் உள்ள பழைய பள்ளிக் கட்டடங்களின் சுண்ணாம்புக் காரைச் சுவர்களில் ஆங்கர் போல்ட் உறுதியாகப் பிடிக்காது. அங்கே சக்கரம் வைத்த ஸ்டாண்டில் நிறுத்துவதே பாதுகாப்பு. மரச்சட்டங்களின்மேல் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் கூரையில் புரொஜெக்டர் மாட்ட நேர்ந்தால், கொத்தனாரைக் கொண்டு சட்டத்தின் வலுவைப் பார்த்த பிறகு சட்டத்திலேயே மாட்டுங்கள். இடையில் உள்ள செங்கலில் துளையிடவே கூடாது.

உயரத்தைப் பொறுத்தவரை, பெஞ்சில் அமரும் பிள்ளைகளின் தலைக்கு மேலே தெரிய வேண்டுமானால் படத்தின் அடிப்பகுதி தரையிலிருந்து 4 அடிக்குக் குறையக் கூடாது. தரையில் அமரும் முதல் இரண்டு வகுப்புகளுக்கு 2.5 அடி போதும். அப்போதுதான் அந்தப் பிள்ளைகளின் கையும் எட்டும். கை எட்டாத தொடுதிரையை அவர்கள் வேடிக்கை மட்டும்தான் பார்ப்பார்கள். முன்வரிசை ஓரங்களில் அமர்வோர் 45 பாகைக்கு மேல் சாய்வாகப் பார்க்க நேர்ந்தால், பெஞ்சை ஓர் அடி பின்னுக்குத் தள்ளுங்கள்.

எர்த் சரியாக உள்ளதா என்று எலெக்ட்ரீஷியனைக் கொண்டு பார்த்த பிறகே பிளக் பாயின்ட்டில் செருக வேண்டும். விளக்கு புரொஜெக்டருக்குச் சிறிய யூபிஎஸ் கட்டாயம் வேண்டும். மின்சாரம் திடீரென்று நின்றால் உள்விசிறியும் நின்று, சூடான விளக்கு குளிர வழியின்றிப் பாழாகும். எச்டிஎம்ஐ கேபிள் 10 மீட்டருக்கு மேல் நீண்டால் படம் விட்டுவிட்டு வரலாம் என்பதால் கணினியை அருகில் வையுங்கள். பேனலுக்குள்ளேயே ஆண்ட்ராய்டு இருக்கிறது, கணினி வேண்டாம் என்று விற்பவர் சொல்வார். சில ஆண்டுகளில் அந்த ஆண்ட்ராய்டு பழையதாகிப் புதிய செயலிகள் ஓடாமல் போகும், திரை மட்டும் நன்றாக இருக்கும். தனிக் கணினி ஒன்றை இணைத்துக்கொண்டால் அதை மட்டும் மாற்றினால் போதும். 2018 முதல் வந்த புதிய பாடநூல்களின் க்யூஆர் குறிகள் காட்டும் காணொளிகளையும், 2019இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியின் பாடங்களையும் முன்கூட்டியே பார்த்து, பதிவிறக்க இயலுவனவற்றை அதில் சேமித்துவையுங்கள். வகுப்பு நேரத்தில் இணையம் வருமா என்று நாற்பது பிள்ளைகளோடு காத்திருக்க நேராது.

கரும்பலகையை எடுத்துவிடாதீர்கள். பேனலைச் சுவரின் நடுவில் வைக்காமல் ஒரு பக்கமாக வைத்து, மறுபக்கம் கரும்பலகையை விட்டுவைத்தால், படத்தைப் பேனலிலும் அதிலிருந்து வருவிக்கும் கணக்கைப் பலகையிலும் காட்டலாம். படம் மாறினாலும் கணக்கு அங்கேயே நிற்கும். ஓஎச்பியில் கிடைத்த அந்தத் தாள்மேல் தாள் முறைக்கு, மேசைமேல் வைத்த தாளைப் படமெடுத்துத் திரையில் காட்டும் விஷுவலைசர் ஒன்றை வாங்கலாம். ஆசிரியர் வகுப்பைப் பார்த்தபடியே தம் கையால் எழுதும் வசதி அதன் மூலம் திரும்ப வந்துவிடும். ஒரு பிள்ளையின் நோட்டை அப்படியே வைத்து அவள் கணக்கிட்ட வழியை அனைவருக்கும் காட்டவும் முடியும்.

பார்த்துக்கொள்ளுதல்

புரொஜெக்டரின் காற்று வடிகட்டியை இரண்டு வாரத்திற்கு ஒருமுறை கழற்றித் தூசி தட்டுங்கள். சாலையை ஒட்டிய பள்ளியில் வாரம் ஒருமுறை. கடற்கரைப் பக்கமுள்ள பள்ளிகளில் உப்புக் காற்று இணைப்பு முனைகளைப் பச்சை பூக்கவைக்கும் என்பதால், பயன்படுத்தாத முனைகளுக்கு மூடி போட்டுவைக்க வேண்டும். ஏசி அறையில் வைத்திருந்த கருவியை வெளியே கொண்டுவந்தால், அரை மணி நேரமாவது கழித்தே இயக்குங்கள். நம் ஊர் ஈரக்காற்று குளிர்ந்த வில்லைமேல் நீராகப் படியும். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபருக்கு முன் கருவிக்கு மேலே கூரை ஒழுகுகிறதா என்று பார்ப்பது காவலரின் வேலைப் பட்டியலில் இருக்கட்டும். பேனல் தானாகவே கோடு போட்டால் பழுது என்று எண்ணி ஆளை அழைப்பதற்கு முன், விளிம்பை மெல்லிய உலர்ந்த துணியால் துடையுங்கள். தூசியோ பூச்சியோ கதிரை மறைத்திருக்கும். நேரடி வெயில் விளிம்பில் விழுந்தாலும் இப்படி நேரும்.

தீர்ந்துபோன புரொஜெக்டர் விளக்கில் பாதரசம் இருப்பதால் அதைக் குப்பைத் தொட்டியில் போடக் கூடாது. அங்கிருந்து அது கொடுங்கையூர் அல்லது பெருங்குடிக் குப்பைக் கிடங்குக்குச் சென்று உடையும். வாங்கிய கடையிலோ, பதிவு பெற்ற மின்கழிவு நிறுவனத்திடமோ ஒப்படைத்து ரசீது வாங்கி வையுங்கள்.

அலமாரியில் ஒரு நோட்டு வைத்து, மாட்டிய நாள், விளக்கு ஓடிய மணிக்கணக்கு, வடிகட்டி துடைத்த தேதி ஆகியவற்றை எழுதிவாருங்கள். சுவரில் ஒட்டிப் பார்த்த அந்த ஆறு சொற்கள் உள்ள தாளையும் அதே நோட்டில் மடித்து வையுங்கள். ஒவ்வொரு ஜூன் மாதமும் பள்ளி திறந்த முதல் வாரத்தில், அதே சொற்களைத் திரையில் போட்டு, புதிதாக வந்து கடைசி பெஞ்சில் அமர்ந்திருக்கும் பிள்ளையைப் படிக்கச் சொல்லி, அவர் எதை எப்படிப் படித்தார் என்பதை தேதியோடு அதில் குறித்துக்கொள்ளுங்கள்.